பல்கலைக்கழக உயிரியல் தேர்வும் நம் இளைஞர்களும்

(சங்கத்தின் வெள்ளிவிழாவை ஒட்டி நடைபெற்ற மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையில் கடந்தகாலச் சாதனைகளைப் பாராட்டிப் பேசுவது மரபு. அப்பணியை நமக்கு முன்னர்ப் பேசிய பெரியோர்கள் செவ்வனே நிறைவேற்றிவிட்டனர். நமக்கு இடப்பெற்ற தலைப்போ வேறு. தாவரவியலையும் விலங்கியலையும் பாடமாக எடுத்துள்ள முதலாண்டு மாணவர்கள் பல்கலைக்கழகத் தேர்வுக்கு எங்ஙனம் ஆயத்தமாக வேண்டும் என்பதே அது. நாம் வரலாறு பயின்று ஆசிரியப் பயிற்சி பெற்றோம். உயிரியலில் பட்டம் பெற்றோமில்லை. ஆயினும் சங்கத்தின் மாலை வகுப்பில் கல்லூரி மாணவர் கொணரும் வினாத்தாள்களையும், அவர்கள் எழுதிப் பார்த்த விடைகளையும் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம். பாடத்தின் நுட்பங்களைப் பேராசிரியர்கள் உரைப்பார்கள். அதனைக் கற்கும் முறையைப் பள்ளி ஆசிரியனும் உரைக்கலாம் என்னும் துணிவுடன் பேச முற்படுகிறோம்.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுக் கல்லூரி புகும் நம் பிள்ளைகள் பலர் முதற் பருவத்தேர்வில் இரண்டு மூன்று தாள்களில் தவறிவிடுகின்றனர். மாணவர் வழக்கில் இதற்கு அரியர் என்று பெயர். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அரியர் ஒரு தடங்கல்; அவ்வளவே. நம் வீட்டுப் பிள்ளைக்கோ அது கல்லூரியின் வாயிற்கதவு சாத்தப்படும் ஓசையாகக் கேட்கிறது. “இது நமக்கு ஆகாது” என்று தந்தை நினைக்கிறார். தாயின் முகம் வாடுகிறது. மகன் செங்கற்சூளைக்கோ நகரத்துக் கடைக்கோ வேலைக்குப் போய்விடுகிறான். மகளாயின் திருமணப் பேச்சு எழுகிறது. ஒரு தாளில் குறைந்த சில மதிப்பெண்கள் ஒரு தலைமுறையைப் பின்னுக்குத் தள்ளிவிடுகின்றன. ஆகவேதான் இத்தலைப்பைச் சிறிதென்று நாம் கருதவில்லை.

இத்தோல்விக்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று. பள்ளியில் தமிழில் படித்த பாடம் கல்லூரியில் திடீரென ஆங்கிலத்தில் வருகிறது. பள்ளியில் நுண்நோக்கியைத் தொட்டுப் பாராத பிள்ளை, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அதனைத் தொடவே கூசிப் பின்வரிசையில் நிற்கிறது. ஐயம் எழுந்தால் வீட்டில் கேட்பதற்கு அப்பாடம் படித்த அண்ணனோ அக்காளோ இல்லை. இம்மூன்று குறைகளும் நீங்கக் கூடியவையே. அவற்றை நீக்கும் வழிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, தேர்வு இன்னதென அறிதல். எதிரியின் படைபலம் அறியாமல் களம் புகும் மன்னன் இல்லை. கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே பாடத்திட்டத்தின் படியொன்றைக் கையில் வாங்கிவிடுங்கள். அதில் ஒவ்வொரு தாளும் ஐந்து அலகுகளாகப் பகுக்கப்பட்டிருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். பின்னர் முந்தைய ஐந்தாறு தேர்வுகளின் வினாத்தாள்களைத் திரட்டி, எந்த அலகில் எத்தகைய வினா வந்துள்ளது என்று ஒரு தாளில் கட்டமிட்டுக் குறியுங்கள். ஒரே வினா சொல் மாறி மீண்டும் மீண்டும் வந்திருப்பது புலப்படும். பாடத்திட்டம் மாறியிருப்பின் பழைய தாளில் எது பொருந்தும், எது பொருந்தாது என்பதையும் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் பகுதிக் கல்லூரிகளில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், அக மதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண் என்னும் முறையைப் பரவலாகக் காண்கிறோம். இந்த 25 மதிப்பெண்ணை நம் பிள்ளைகள் பலர் பொருட்படுத்துவதில்லை. கல்லூரியிலேயே நடைபெறும் சிறு தேர்வும், ஒப்படைக்க வேண்டிய கட்டுரையும், வருகைப் பதிவும் சேர்ந்ததே அது. அறுவடைக் காலத்தில் பத்து நாள், திருவிழாவுக்கு ஐந்து நாள் என்று வகுப்பை விட்டவர், ஆண்டு முழுதும் படித்தும் அந்த மதிப்பெண்ணை மீட்க இயலாது. வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கினால் தேர்வு எழுதும் உரிமைக்கே இடர் வரலாம் என்பதையும் மறவற்க.

இரண்டாவது, கலைச்சொல். ஆங்கிலப் பாடநூலைத் திறந்தவுடன் அச்சமூட்டுவன நீண்ட நீண்ட பெயர்களே. ஓர் உண்மையைச் சொல்லுகிறோம். அச்சொற்களிற் பல ஆங்கிலேயருக்கும் தாய்மொழிச் சொற்கள் அல்ல. கிரேக்கத்திலிருந்தும் இலத்தீனிலிருந்தும் ஆக்கிக்கொண்டவை. அவ்வேர்களை அறிந்தால் சொல் தானே பொருள் கூறும். ‘ஆர்த்ரோ’ என்றால் கணு, ‘போடா’ என்றால் கால். ஆகவே ஆர்த்ரோபோடா என்பது கணுக்காலிகள். ‘எக்கைனோ’ என்றால் முள், ‘டெர்மா’ என்றால் தோல். ஆகவே எக்கைனோடெர்மேட்டா என்பது முட்தோலிகள். ‘போரஸ்’ என்பது துளை, ‘ஃபெரா’ என்பது தாங்குவது; ஆகவே போரிஃபெரா என்பது துளையுடலிகள். ‘குளோரோ’ பசுமை, ‘ஃபில்’ இலை. ‘ஃபோட்டோ’ ஒளி, ‘சிந்தசிஸ்’ சேர்க்கை. பள்ளியில் நீங்கள் படித்த தமிழ்ச்சொல் ஆங்கிலச்சொல்லின் பொருளை அப்படியே தாங்கி நிற்பதைக் காண்கிறீர்கள். தமிழில் படித்தது தடையென்று எண்ணாதீர்கள்; அது உங்கள் கையிலுள்ள விளக்கு.

இதற்கென ஒரு தனிக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், நடுவில் அதன் வேர், வலப்பக்கம் தமிழ்ச்சொல் என எழுதுங்கள். நாள்தோறும் ஐந்து சொல் போதும். தொண்ணூறு நாளில் நானூற்றைம்பது சொற்கள் உங்கள் உடைமையாகிவிடும். தமிழில் விடை எழுத இசைவு உண்டா என்பதையும் தொடக்கத்திலேயே துறைத்தலைவரிடம் கேட்டறியுங்கள். இசைவு இருப்பின் தயங்காமல் தமிழில் எழுதுங்கள். அறிவியற் பெயர்களை மட்டும் பிழையின்றிப் பழகிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பொருளுணர்ந்து படித்தல். மனப்பாடம் ஓரளவு வேண்டியதே. ஆனால் பல்கலைக்கழகத் தேர்வு “வேறுபடுத்துக”, “காரணம் கூறுக” என்று கேட்கும்போது மனப்பாடம் மட்டும் நம்மைக் கரைசேர்க்காது. சான்றாக ஒளிச்சேர்க்கையை எடுத்துக்கொள்வோம். நீரும் கரியமில வாயுவும் சேர்ந்து சர்க்கரையும் ஆக்சிஜனும் உண்டாகின்றன என்பதைப் பள்ளியிலேயே கற்றோம். வெளிவரும் ஆக்சிஜன் எதிலிருந்து வருகிறது என்று கேட்டால் பலர் கரியமில வாயுவிலிருந்து என்று எழுதிவிடுகின்றனர். அது நீரிலிருந்தே வருகிறது. ஒளிவினையில் நீர் பிளக்கப்படுகிறது; இது பசுங்கணிகத்தின் தைலக்காய்டு அடுக்குகளில் நிகழ்வது. கரியமில வாயு சர்க்கரையாக்கப்படுவது அதனை அடுத்த நிலையில், ஸ்ட்ரோமா என்னும் பகுதியில். எங்கே, எது, எதிலிருந்து என்னும் மூன்று வினாக்களை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எழுப்பிக்கொண்டால் பாடம் நெஞ்சில் பதியும்.

மாணவரைக் குழப்பும் மற்றொரு பகுதி செல் பிரிதல். மைட்டாசிஸ், மியாசிஸ் இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பதால் ஒன்றன் விடையை மற்றொன்றுக்கு எழுதுவோர் உளர். இதற்கு நாம் மாலை வகுப்பில் நூற்கண்டைப் பயன்படுத்துகிறோம். சிவப்பு நூலில் நீளமான துண்டொன்று, குட்டையான துண்டொன்று. கறுப்பு நூலிலும் அவ்வாறே. இவை நான்கு குரோமோசோம்கள். நீளமான சிவப்பும் நீளமான கறுப்பும் ஓர் இணை. குட்டையான இரண்டும் மற்றோர் இணை. பிரிவதற்கு முன் ஒவ்வொன்றும் இரட்டிக்க வேண்டுமாதலால், அதே நிறத்தில் அதே நீளத்தில் இன்னொரு துண்டை உடன்வைத்து நடுவில் முடிச்சிடுங்கள். மைட்டாசிஸில் முடிச்சுகள் மட்டும் அவிழ்ந்து இருபுறமும் சம பங்கு செல்கிறது. ஒவ்வொரு செல்லிலும் மீண்டும் நான்கு. மியாசிஸின் முதற்பிரிவில் முடிச்சு அவிழாமல் இணைகள் பிரிகின்றன. இரண்டாம் பிரிவிலேயே முடிச்சு அவிழ்கிறது. முடிவில் நான்கு செல்கள், ஒவ்வொன்றிலும் இரண்டே. மனித உடற்செல்லில் 46 குரோமோசோம்களும் இனச்செல்லில் 23 குரோமோசோம்களும் இருப்பது ஏன் என்பது இப்பொழுது விளங்கும். சில காசு பெறும் நூல், பல பக்கக் குறிப்புகள் செய்யாததைச் செய்துவிடுகிறது.

மரபியற் கணக்குகளையும் அஞ்ச வேண்டாம். மெண்டல் உருண்டையும் மஞ்சளுமான பட்டாணியைச் சுருங்கியதும் பச்சையுமான பட்டாணியோடு கலந்து, இரண்டாம் தலைமுறையில் 556 விதைகளை எண்ணினார். உருண்டை மஞ்சள் 315. உருண்டை பச்சை 108. சுருங்கிய மஞ்சள் 101. சுருங்கிய பச்சை 32. 9:3:3:1 என்னும் விகிதத்தை வெறுமனே மனப்பாடம் செய்வதினும், 556ஐ 16ஆல் வகுத்து 9ஆல் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 313 வரும். அவர் எண்ணியது 315. கணக்கும் விதையும் ஒத்துவரும் அவ்வழகை ஒருமுறை கண்டவர் அவ்விகிதத்தை மறக்கமாட்டார்.

நான்காவது, படம். உயிரியலில் படமில்லா விடை உப்பில்லாப் பண்டம். படம் ஓவியனின் கைவண்ணம் வேண்டுவதன்று, ஒழுங்கு வேண்டுவது. கூரிய பென்சிலால், நிழல் தீட்டாமல், பாதிப் பக்கம் நிறையும் அளவில் வரையுங்கள். பெயர்களை ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒன்றையொன்று வெட்டாத நேர்கோடுகளால் இணையுங்கள். படத்தின்கீழ்த் தலைப்பு எழுதுங்கள். ஒவ்வோர் அலகிலும் கேட்கக்கூடிய ஐந்து படங்களைத் தேர்ந்து, நூலை மூடி வைத்துவிட்டு வரைந்து, பின்னர் திறந்து ஒப்பிடுங்கள். விடுபட்ட பெயர் எதுவோ அதுவே நீங்கள் இன்னும் கற்காதது.

ஐந்தாவது, செய்முறை. இங்கேதான் நம் பிள்ளைகள் பின்வாங்குகின்றனர். ஒரு கல்லூரியில் நம் பகுதி மாணவியொருத்தி பருவம் முழுதும் நுண்நோக்கியை ஒருமுறையும் சரிப்படுத்திப் பார்த்ததில்லை. முன்வரிசையினர் பார்த்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். “ஐயா, எனக்கு நேரம் வேண்டும்” என்று கேட்க அவளுக்கு நாவெழவில்லை. மாணவச் செல்வங்களே, ஆய்வுக்கூடக் கருவி யாருடைய பாட்டன் சொத்தும் அன்று. மக்கள் வரிப்பணத்தில் வாங்கியதாயின் அதில் உங்கள் தாய் நடவு நட்டு ஈட்டிய காசும் அடங்கும். பணிவோடு கேளுங்கள், ஆனால் கேளாமல் இராதீர்கள்.

நுண்நோக்கியில் முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் பொருளைக் கண்டபின்பே உயர் உருப்பெருக்கத்துக்கு மாற்ற வேண்டும். கண்ணருகு வில்லை 10 மடங்கு, பொருளருகு வில்லை 40 மடங்காயின் மொத்தம் 400 மடங்கு; பலர் கூட்டி 50 என்கின்றனர், பெருக்கவேண்டும். வெங்காயத்தின் அடிப்பகுதி நீரைத் தொடுமாறு ஒரு குவளையின்மேல் வைத்தால் இரண்டு மூன்று நாளில் வேர் விடும். அவ்வேர்நுனியே மைட்டாசிஸ் காண்பதற்குரிய பொருள். ஏனெனில் வளர்ச்சி அங்கே நடைபெறுகிறது. வெங்காயத்தின் உடற்செல்லில் 16 குரோமோசோம்கள் உண்டு. வேரை வீட்டிலேயே வளர்த்து எடுத்துச் சென்று, ஆய்வுக்கூடத்தில் அசிட்டோகார்மைன் சாயமிட்டுக் காணலாம். ரெக்கார்டு எனப்படும் ஆய்வுப் பதிவேட்டை அந்தந்த வாரமே முடித்துக் கையொப்பம் பெறுங்கள். தேர்வுக்கு முந்திய இரவில் பிறருடைய பதிவேட்டைப் பார்த்துப் படியெடுப்பவர் படத்தையும் கற்பதில்லை, உறக்கத்தையும் இழக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. செய்முறைத் தேர்வில் இனங்காணத் தரும் பொருள்கள் பலவற்றை நீங்கள் பிறந்தது முதல் அறிவீர்கள். வயல் நண்டும் மண்புழுவும் அட்டையும் உங்களுக்குப் புதியனவா? விலங்கியல் நூலில் ‘பைலா’ என்னும் பெயரில் வரும் மெல்லுடலி, நம் தாய்மார் வயலிலும் குளத்திலும் பொறுக்கிவந்து சமைக்கும் நத்தையே. உளுந்துச் செடியைப் பிடுங்கினால் வேரில் காணும் சிறு முடிச்சுகளில்தான் காற்றின் நைட்ரஜனை உரமாக்கும் ரைசோபியம் வாழ்கிறது. நெல்வயலில் மிதக்கும் அசோலாவின் இலைக்குள் அனபீனா என்னும் நீலப்பசும்பாசி குடியிருந்து அதே தொழிலைச் செய்கிறது. இவற்றையெல்லாம் கண்ணாடிக் குடுவையில் மட்டும் கண்டவரைவிட, சேற்றில் நின்று கண்டவர் நன்கு எழுத முடியும். உழைக்கும் குடியிற் பிறந்ததனால் வந்த இவ்வறிவை வெட்கி மறைக்காதீர்கள். அதற்கு அறிவியற் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது, காலத்தைப் பகுத்தல். எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தம் நினைவாற்றலைத் தாமே சோதித்து 1885இல் ஒரு நூல் வெளியிட்டார். கற்றது முதலில் விரைந்தும் பின்னர் மெல்லவும் மறந்துபோகிறது என்பதும், இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது ஒரே மூச்சில் படிப்பதினும் நன்கு நிற்கும் என்பதும் அவர் கண்டவை. ஆகவே இன்று கேட்ட பாடத்தை இன்றிரவு ஒருமுறையும், வாரக் கடைசியில் ஒருமுறையும், மாத இறுதியில் ஒருமுறையும் நினைவுகூருங்கள். நினைவுகூர்தல் என்பது நூலை மீண்டும் பார்த்தல் அன்று. மூடிவைத்து எழுதிப் பார்த்தல். மூவர் மூவராகக் கூடி, ஒருவர் ஆசிரியராகி மற்ற இருவருக்கும் ஓர் அலகைக் கற்பியுங்கள். பிறர்க்கு விளக்க முடியாதது நமக்கே விளங்காதது.

ஏழாவது, தேர்வுக் கூடம். மூன்று மணி நேரம், 75 மதிப்பெண் என்று கொள்வோம். இரண்டு மதிப்பெண் வினா பத்து, ஐந்து மதிப்பெண் வினா ஐந்து, பத்து மதிப்பெண் வினா மூன்று என அமையுமாயின், வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிடம். சிறுவினா ஒன்றுக்கு நான்கு நிமிடமாக நாற்பது. ஐந்து மதிப்பெண் வினாவுக்குப் பதினொன்றாக ஐம்பத்தைந்து. நெடுவினாவுக்கு இருபதாக அறுபது. எஞ்சிய பதினைந்து நிமிடம் சரிபார்க்க. உங்கள் தாளின் அமைப்பு வேறாயின் இதேபோற் பகுத்துக்கொள்ளுங்கள். தெரிந்த ஒரு வினாவுக்கு ஆறு பக்கம் எழுதிவிட்டுத் தெரிந்த வேறொன்றை எழுத நேரமின்றி எழுவது பெரும் இழப்பு. நெடுவினாவில் முன்னுரை இரண்டு வரி, உட்தலைப்புகள், படம், முடிவு என்னும் ஒழுங்கு இருக்கட்டும்.

இவ்வளவும் செய்து ஒரு தாளில் தவறினால்? மீண்டும் எழுதவேண்டும், அவ்வளவே. உழவர் குடியிற் பிறந்த மெண்டல் 1850இல் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதித் தேர்ச்சி பெறவில்லை. 1856இல் மீண்டும் முயன்றும் வெற்றி கிட்டவில்லை. அதே 1856இல்தான் பட்டாணிச் செடிகளில் தம் ஆய்வைத் தொடங்கினார். 1866இல் அச்சேறிய அவர் கட்டுரையின் பெருமையை உலகம் 1900இல்தான் உணர்ந்தது. தேர்வில் தவறியவருடைய விதிகளைத்தான் இன்று உலகமெங்கும் மாணவர் தேர்வுக்குப் படிக்கின்றனர். தேர்வு நம் அறிவின் எல்லைக்கல் அன்று. நாம் கடக்கவேண்டிய வாயில்.

உயிரியலை நம் இளைஞர்கள் கற்பதில் மதிப்பெண்ணுக்கு அப்பாலும் ஒரு பயன் உண்டு. பிறப்பினால் உயர்வு தாழ்வு உண்டு என்று நூற்றாண்டுகளாக நமக்குக் கூறப்பட்டது. லேண்ட்ஸ்டெய்னர் 1901இல் குருதி வகைகளைப் பிரித்தறிந்து வெளியிட்டார். ஊருக்கு ஒரு வகை, சேரிக்கு ஒரு வகை என்று குருதி பிரிந்திருக்கவில்லை. மருத்துவமனையில் வகை பொருந்தினால் நம் குருதி யார் உடலிலும் ஓடும். எந்த இரு மனிதரை எடுத்தாலும் அவர்தம் மரபுப் பொருள் ஏறத்தாழ 99.9 விழுக்காடு ஒன்றே என்று இன்றைய அறிவியல் கூறுகிறது. தீண்டாமைக்கு உயிரியலில் இடமில்லை என்பதைப் பிறர் சொல்லக் கேட்பது ஒன்று. நுண்நோக்கி வழியே தாமே கண்டு சொல்வது வேறொன்று. அப்படிச் சொல்லத்தக்கவர்கள் நம்மிடையே பெருக வேண்டும்.

தலைச்சேரியில் 1897இல் பிறந்த ஜானகி அம்மாள் சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். பிறப்பாலும் பெண்மையாலும் வந்த பாகுபாடுகளைப் பொருட்படுத்தாது உழைத்து, 1945இல் டார்லிங்டனுடன் இணைந்து பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பேட்டை வெளியிட்டார். அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றதும், 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவியதும் நீங்கள் அறிந்தவை. அவர் கல்வியை முதற்படியாக வைத்தார். இவ்வுயிரியல் தாளும் அப்படியில் ஒரு கல்.

இறுதியாகப் பெற்றோர்க்கும் சங்க உறுப்பினர்க்கும் சில வேண்டுகோள்கள். தாய்மார்களே, தேர்வு மாதத்திலாவது பிள்ளையைக் கூலிக்கு அழைக்காதீர்கள். மகளுக்கும் மகனைப் போலவே விளக்கடியில் இடம் கொடுங்கள். பெரியோர்களே, 1944 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் மேற்படிப்பு உதவித்தொகைக்கான விண்ணப்பம், சாதிச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் பிழை நேராமல் முதலாண்டு மாணவர்க்கு உடனிருந்து உதவுங்கள். சங்கத்தின் படிப்பகத்தில் நல்ல நுண்நோக்கி ஒன்று, வினாத்தாள் கட்டு ஒன்று, கலைச்சொல் அகராதி ஒன்று வாங்கி வைப்பது வெள்ளிவிழாவின் நிலைத்த நினைவாக அமையும். இச்சங்கத்தால் பட்டம் பெற்றவர்களே, மாதத்தில் ஒரு ஞாயிறு படிப்பகத்துக்கு வாருங்கள். கேட்பதற்கு அண்ணனும் அக்காளும் இல்லாத குறையை நீங்கள்தாம் தீர்க்க இயலும்.

மாணவச் செல்வங்களே, நாளை காலையே பாடத்திட்டத்தைக் கையிலெடுங்கள். முதல் அலகின் முதற்படத்தை இன்றிரவே வரைந்து பாருங்கள்.